இயேசப்பா சொன்னா செய்வாரா? சின்னப் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய உண்மையைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் புதிதாகக் குடும்ப ஜெபம் ஆரம்பிக்கிற இளம் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை "ஏன்மா", "எதுக்குப்பா" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினால் மட்டும் போதாது என்று உறைக்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் தங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். பைபிள் கதை சொல்லி வளர்த்த ஆயாவோ தாத்தாவோ அவர்களுக்குக் கிடையாது. பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு வேறு சிக்கல்: வசனமெல்லாம் தலைகீழாகத் தெரியும், நாலு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் வாயில் வராது. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லுத்தரனோ, சிஎஸ்ஐயோ, பெந்தெகொஸ்தேயோ, கத்தோலிக்கரோ, யாருக்கும் இது பொருந்தும். (இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பெயரே புதுவை–கடலூர் என்று ரெண்டு ஊரையும் சேர்த்துத்தானே இருக்கிறது.) வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன், உங்கள் விவிலியத்தில் வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

மூன்று வயசிலிருந்து எட்டு வயசு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் வாய்ச்சொல்

பைபிளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையிடம் நீங்கள் என்னென்ன வாக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். "அழாம இருந்தா சாயங்காலம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்." "ஊசி வலிக்கவே வலிக்காது." இன்னொன்று, "இதோ கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவி வேலைக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்குத் திரும்புவது. இதையெல்லாம் நம் வீடுகளில் யாரும் பொய் என்று கணக்கில் எடுப்பதே இல்லை. பெரியவர்கள் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்று பிள்ளையின் மனதில் பதிவது அங்கேதான், அப்புறம் அதே பிள்ளையை ராத்திரி எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்காரவைத்து "கர்த்தர் வாக்கு மாறாதவர்" என்று சொன்னால், வாக்கு என்றாலே என்னவென்று அதற்கு நாம் ஏற்கெனவே காட்டியதைத்தான் அது புரிந்துகொள்ளும்.

அதனால் சின்னச் சின்ன வாக்காகக் கொடுங்கள், கொடுத்ததைச் செய்யுங்கள். ஊசி போடப் போனால் "கொஞ்ச நேரம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சிருப்பேன்" என்று சொல்லுங்கள், பிடித்துக்கொண்டே இருங்கள். வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளை அழுதாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பீச்சுக்குப் போக முடியாது என்றால் "பார்க்கலாம்" என்று மழுப்பாமல் "இன்னைக்கு இல்ல" என்று சொல்லிவிடுவது நல்லது. சொன்னதைச் செய்ய முடியாமல் போகிற நாளும் வரும், யார் வீட்டில் வராது? அன்றைக்கு "அப்பா சொன்னேன், செய்யல, மன்னிச்சுக்கோ. அப்பா மறந்துடுவேன், இயேசப்பா மறக்க மாட்டார்" என்று சொல்லலாம். "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதைத்தான். ஒவ்வொரு தடவையும் பிரசங்கமாக்கிவிட வேண்டாம், எப்போதாவது சொன்னால் போதும்.

இரண்டாம் படி: அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை

பெரும்பாலான வீடுகள் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் சொன்னதைச் செய்தாரா என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும். நாமோ கர்த்தர் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் பிள்ளைக்குச் சொல்லிவைக்கிறோம். "ஜெபம் பண்ணிட்டுப் போ, முதல் மார்க் வரும்." "ஜெபம் பண்ணோம்ல, மழை நின்னுடும்." மார்க் வராமலும் மழை நிற்காமலும் போனால் பிள்ளை கணக்குப் பார்க்கும். நாம் போட்ட கணக்கில் கெட்ட பெயர் அவருக்குப் போகும்.

புதுவருஷ ஆராதனையில் தருகிற வாக்குத்தத்த அட்டையையும் இதில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அட்டை மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை, அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைக்காத கிறிஸ்தவ வீடு அபூர்வம். ஆனால் அதில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தைப் படித்தால், பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகு உங்களைச் சந்திப்பேன் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. படித்தவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்கவே இல்லை. அட்டையைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அதிகாரம் முழுவதையும் நீங்கள் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். இது பெரியவர்களுக்கான வீட்டுப்பாடம்.

சின்னப் பிள்ளைக்கு நாலே நாலு வாக்கு போதும் என்பது என் கருத்து. உன்னைவிட்டு விலக மாட்டேன் (எபிரெயர் 13:5). தப்பை ஒத்துக்கொண்டால் மன்னிப்பேன் (1 யோவான் 1:9). திரும்ப வந்து உங்களைச் சேர்த்துக்கொள்வேன் (யோவான் 14:3). கண்ணீரையெல்லாம் துடைப்பேன் (வெளிப்படுத்தல் 21:4). இதில் மார்க் இல்லை, மழை இல்லை, காய்ச்சல் உடனே விடும் என்பதும் இல்லை. அதற்காகவெல்லாம் ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகக் கேளுங்கள். கேட்பது வேறு, அவர் தருவேன் என்று சொன்னது வேறு என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாம் படி: கதைகளைக் கையில் கொடுங்கள்

எல்லாக் கதையும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அலுக்காது. நமக்குத்தான் அலுக்கும்.

பிள்ளை தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த ஆபிரகாமின் கதைக்கு 25 புளியங்கொட்டை எடுத்துத் தரையில் வரிசையாக வையுங்கள். ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு வயசு 75, மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. ஒரு கொட்டை ஒரு வருஷம். பிள்ளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக, நீங்கள் "பாப்பா வந்துச்சா?" என்று கேளுங்கள், அது "இல்ல" என்று சொல்லட்டும். பதினோராவது கொட்டையில் நிறுத்துங்கள், அங்கேதான் ஆபிரகாமும் சாராளும் பொறுக்க முடியாமல் தாங்களாகவே ஒரு வழி பண்ணிக்கொண்டார்கள், வீட்டில் சண்டை வந்தது. (இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. சின்னதுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) இருபத்துநாலாவது கொட்டையில் விருந்தாளிகள் வந்து பிள்ளை பிறக்கும் என்கிறார்கள், அதைக் கேட்டுக் கூடாரத்துக்குள்ளிருந்து சாராள் சிரிக்கிறாள். கடைசிக் கொட்டையில் ஈசாக்கு. இத்தனை "இல்ல" சொன்ன பிள்ளைக்கு அந்தக் கடைசிக் கொட்டை வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். "ஏன் இவ்ளோ லேட்?" என்று கேட்டால் "தெரியலயே, ஆனா சொன்னதை மறக்கல பாத்தியா" என்பதோடு விட்டுவிடலாம்.

மன்னா கதைக்கு (வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த அப்பம்) ராத்திரி மிச்சமான ஒரு இட்லியைக் கிண்ணத்தில் மூடி ரெண்டு மூன்று நாள் வெளியில் வைத்துக் காட்டுங்கள். மறுநாளைக்கென்று எடுத்துவைத்தவர்களின் மன்னா புழுத்து நாறினது, காலையில் புதிதாக வந்தது என்பது மூக்கு வழியாகவே புரிந்துவிடும். நம் ஊர்ப் பிள்ளை "ஆயா மட்டும் சோத்துல தண்ணி ஊத்தி வச்சு அடுத்த நாள் சாப்பிடறாங்களே" என்று மடக்கும், தயாராக இருங்கள். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் ரெட்டிப்பாகச் சேர்த்தார்கள், அது கெடவில்லை என்பதையும் அப்போது சொல்லிவிடலாம்.

நோவா கதைக்கு நம் கடற்கரையே உதவும். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாயங்காலம் மேற்கே வெயில் அடித்து, கிழக்கே மழை பெய்தால் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ நின்றாலே கடலுக்கு மேல் தெரிய வாய்ப்பிருக்கிறது. அதற்குக் காத்திருக்க முடியாவிட்டால் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில் போதும். காலையில் எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலு மணிக்கு மேல் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நிழலாக இருக்கிற சுவரைப் பார்த்துப் பொடிப்பொடியாகத் தெளித்தால் சின்ன வில் ஒன்று தெரியும். உச்சி வெயிலில் சரியாக வராது. "நான் என் வில்லை மேகத்தில் வைத்தேன்" என்கிற வசனத்தை அங்கேயே நின்று சொல்லுங்கள்.

இந்தக் கதையில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். "இனி வெள்ளமே வராதுன்னு சொன்னார்" என்று சுருக்கிவிடாதீர்கள். ஆதியாகமம் 9-இல் அவர் சொன்னது, பூமி முழுவதையும் அழிக்கிற ஜலப்பிரளயம் இனி வராது என்பது. கடலூரில் வெள்ளம் வராது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. 2015-இல் வந்தது, 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணை பெருகி மறுபடியும் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரைப் பார்த்த பிள்ளையிடம் சுருக்கிச் சொன்னால் அது அடுத்த கேள்வியிலேயே உங்களைப் பிடித்துவிடும், அதன் கேள்வி நியாயமும்கூட.

நாலாம் படி: கல் எடுத்து வையுங்கள்

இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது அவர்கள் தலைவர் யோசுவா 12 கல்லை எடுத்துவைக்கச் சொன்னார், பின்னால் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி சாமுவேல் நிறுத்தின கல்லுக்குப் பெயர் எபெனேசர், நம் ஆட்கள் வீட்டு முகப்பிலும் ஆட்டோவுக்குப் பின்னாலும் எழுதிவைக்கிறார்களே, அதேதான். உங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் பெயர் இருந்தால், அது ஏன் இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கின ஜல்லி ஒரு பிடி, அழியாத மார்க்கர் பேனா. கிளிஞ்சலில் எழுதினால் உதிர்ந்துவிடும், ஜல்லியைக் கழுவிக் காயவைத்தால் நன்றாக எழுதலாம். கர்த்தருக்கு நன்றி சொல்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கல், அதில் ஒரு வார்த்தையும் தேதியும் மட்டும்: "டைபாய்டு", "வேலை", "சாவி கிடைத்தது". சாவி கிடைத்ததெல்லாம் ஒரு நன்றியா என்று பெரியவர்கள் சிரிக்க வேண்டாம், பிள்ளையின் கல்லை பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை பாட்டிலைக் கொட்டி, கண்ணை மூடி ஒரு கல்லை எடுக்கச் சொல்லி அந்தக் கதையைப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: தினமும் கொஞ்சம்

இதற்கு நீளமாக எழுத ஒன்றும் இல்லை. அஞ்சு வயசுக்குக் கீழே என்றால் அஞ்சு நிமிஷம், அதற்கு மேலே என்றால் பத்து நிமிஷம். சங்கீதம் 136-இல் 26 வசனம் இருக்கிறது, எல்லாமே "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றுதான் முடியும். நீங்கள் முதல் பாதியைச் சொல்ல, பிள்ளை அந்த முடிவைக் கத்தட்டும். கத்துவதற்கு அனுமதி கிடைக்கிற ஒரே ஜெபம் என்பதால் இதற்கு மட்டும் ஓடிவரும். நாலு நாள் கழித்து உங்கள் வீட்டு வரிகளைச் சேருங்கள். "மோட்டார் ரிப்பேர் ஆனப்ப பக்கத்து வீட்டில் தண்ணி குடுத்தாங்க." "அவர் கிருபை என்றுமுள்ளது!" "தம்பிக்கு சளி விட்டுச்சு." "அவர் கிருபை என்றுமுள்ளது!"

விடுமுறை நாளில் ஒரு தடவை விடியற்காலையில் பீச்சுக்குக் கூட்டிப்போங்கள், நமக்குச் சூரியன் கடலிலிருந்துதானே உதிக்கிறது. "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்கிற புலம்பல் 3-ஆம் அதிகார வசனத்தை அங்கே கற்றுக்கொடுத்தால் சீக்கிரம் மனப்பாடமாகும். எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடின புத்தகம் அது என்பதை எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லலாம், நாலு வயசுக்குச் சூரியன் போதும்.

ஆறாம் படி: கேட்டது கிடைக்காதபோது

ஜெப நோட்டு வைப்பவர்கள் ஒரு பக்கம் கேட்டதையும் எதிர்ப்பக்கம் நடந்ததையும் எழுதுங்கள். நடந்தது மூன்று விதமாக இருக்கும்: "கிடைத்தது", "இல்லை", "இன்னும் தெரியவில்லை". "இல்லை" வந்த பக்கத்தைக் கிழிக்காதீர்கள், தாண்டியும் போகாதீர்கள். கிடைத்ததை மட்டும் சாட்சியாகச் சொல்லி வளர்த்தால், கிடைக்காத அன்றைக்குப் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கும்.

நம் கடலோரத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தேவனாம்பட்டினத்திலும் தெற்கே உள்ள மீனவர் கிராமங்களிலும் சுனாமியில் என்ன நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இன்றைக்குச் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற நிறைய பேர் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "எங்க தெருவுக்குத் தண்ணி வரல, கர்த்தர் காப்பாத்தினார்" என்று வீட்டில் சொல்கிறோம், சொல்வதில் தப்பில்லை, நன்றிதான். ஆனால் அதே ஞாயிறு பள்ளியில், அதே பாயில், தாத்தாவைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை காதில் விழுந்தாலும் உண்மையாக இருக்கிற மாதிரி சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். "நாங்க பயந்து ஓடினோம். யாரோ தெரியாதவங்க சோறு போட்டாங்க. நிறைய பேர் செத்துட்டாங்க, ஏன்னு எங்களுக்குத் தெரியாது. இயேசப்பா எங்களையும் விடல, அவங்களையும் மறக்கல." இதில் நன்றி இருக்கிறது, நாம் ஏன் தப்பினோம் என்பதற்கு நாமாக இட்டுக்கட்டின காரணம் இல்லை.

2011 டிசம்பர் 30 தானே புயலையும் இப்படிச் சொல்லலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையே பேசவிடுங்கள். அப்புறம் ஆபகூக் 3:17-ஐ வாசியுங்கள்: "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்..." அத்தியையும் திராட்சையையும் தோட்டத்தில் பார்த்திராத பிள்ளை, "முந்திரி சாஞ்சாலும், பலா காய்க்காட்டியும், படகு உடைஞ்சாலும்" என்று தானே வரிகளைச் சேர்க்கட்டும். ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்யும்.

வீட்டில் சாவு வரும்போது ரெண்டு வாக்கியத்தைத் தவிருங்கள். "தாத்தா தூங்கறாங்க" என்றால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். "நல்லவங்கன்னு கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்றால், நாமும் நல்ல பிள்ளையாக இருந்தால் எடுத்துக்கொள்வாரோ என்று பயப்படும். செத்துப்போனார் என்றே சொல்லுங்கள். "ஜெபம் பண்ணோமே, ஏன்?" என்று கேட்டால் "தெரியலம்மா, எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லி அழுதாலும் தப்பில்லை. தம் நண்பன் லாசரு செத்துப்போனபோது இயேசுவும் கண்ணீர் விட்டார். ரெண்டாம் படியில் சொன்ன கடைசி வாக்கை, கண்ணீரையெல்லாம் துடைப்பேன் என்பதை, சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அது இன்னும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், புளியங்கொட்டை எண்ணின பிள்ளைக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும்.

இன்னும் சில

"இயேசப்பா அடிப்பார்", "கண்ணைக் குத்துவார்" என்று மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், பூச்சாண்டிக்குப் பதில் அவர் பெயரைப் போடுவதுதான் அது. சோறு ஊட்டும்போது இந்த மிரட்டல் அதிகம் வரும், பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

ஒரு வாரம் ஜெபம் விட்டுப்போனால் விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே ராத்திரியில் வாசித்துப் பிள்ளையை வதைக்க வேண்டாம், அன்றையிலிருந்து தொடருங்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் என்ன பாட்டு என்பதோடு "இயேசப்பா என்ன பண்ணுவேன்னு சொன்னாராம்?" என்றும் கேளுங்கள். பதிலில் மார்க்கும் சைக்கிளும் வந்தால் நாலு வாக்கையும் பொறுமையாக மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

தாத்தாவும் ஆயாவும் சபைக்கு வராதவர்களாக இருந்தால் பிள்ளைக்கு முன்னால் அவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள். "ஆயா ஏன் ஜெபத்துக்கு வரல?" என்று கேட்டால் "ஆயா வேற மாதிரி கும்பிடுவாங்க, நாம ஆயாவுக்காக ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லுங்கள். ஆயாவுக்கு மூட்டு வலி என்று பிள்ளை ஜெபித்தால் அதை ஆயாவிடமே போய்ச் சொல்லச் சொல்லுங்கள். ஆயா ஒரு கல் கொடுத்தால் அதையும் பாட்டிலில் போடுங்கள்.